ரசிகர்கள் கட்டும் லெவல்கள்: கடினம் வேறு, அநியாயம் வேறு

யூடியூபிலோ ட்விட்சிலோ இப்படி ஒரு வீடியோ உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். திரையில் இருப்பது மரியோதான், ஆனால் நமக்குத் தெரிந்த மரியோ கேம் இல்லை. நிற்கத் தரையே கிடையாது. எங்கு பார்த்தாலும் முள்ளும் ரம்பமும். ஆடுபவர் ஒரே இடத்தில் சாகிறார், எழுகிறார், மறுபடி அதே இடத்தில் சாகிறார். மூலையில் ஓடும் சாவுக் கணக்கு ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

பார்ப்பவருக்கு இரண்டு கேள்விகள் வரும். இதை யார் செய்தது? இதில் வடிவமைப்பு என்று சொல்ல என்ன இருக்கிறது, முள்ளை நிரப்பி வைத்தால் முடிந்ததா? முதல் கேள்விக்குப் பதில் சுலபம்: கேம் நிறுவனம் இல்லை, ரசிகர்கள். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

## முதலில் சில சொற்கள்

1. பிளாட்ஃபார்மர்: ஓடியும் குதித்தும் ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வகை கேம். மரியோ, சோனிக், மெகா மேன் எல்லாம் இந்தக் குடும்பம்.

2. ஹேக்: ஏற்கெனவே வந்த கேமின் கோப்பை மாற்றி, அதே இயந்திரத்தில் புது லெவல்களை ஓட வைப்பது. 1990-இல் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மரியோ வேர்ல்டு' இதற்குப் பெரிய களம். 2000-இல் வந்த லூனார் மேஜிக் என்ற எடிட்டர், நிரல் எழுதத் தெரியாதவரும் அதன் லெவல்களைத் திருத்த வழி செய்தது. பதிப்புரிமைச் சிக்கல் இருப்பதால் முழு கேமையும் பகிர மாட்டார்கள்; மாற்றங்கள் மட்டும் அடங்கிய பேட்ச் கோப்பைத்தான் பகிர்வார்கள்.

3. மோட்: காசு கொடுத்து வாங்கிய கேமின் மேல் ஏற்றிக்கொள்ளும் கூடுதல் உள்ளடக்கம். 2018-இல் வந்த 'செலஸ்ட்' கேமுக்கு எவரெஸ்ட் என்ற கருவி வழியாக ரசிகர்களின் லெவல்களைச் சேர்க்கலாம்.

4. ஃபேன்கேம்: பழைய கேம்களின் மீதுள்ள பிரியத்தில், அவற்றின் சாயலில், முதலிலிருந்தே புதிதாகச் செய்வது. 2007-இல் இலவசமாக வந்த 'ஐ வான்னா பி தி கை' தனக்கென்று ஒரு பரம்பரையையே உண்டாக்கியது. அதன் வழிவந்தவற்றை அந்த வட்டத்தில் ஃபேன்கேம் என்றே அழைக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு விஷயம் உண்டு, பின்னால் வரும் எல்லாமே அதிலிருந்து கிளைப்பவை. ரசிகர் கட்டும் லெவலை ஆட வருபவர் மூல கேமை ஏற்கெனவே முடித்தவர், பெரும்பாலும் பலமுறை முடித்தவர். நிறுவனம் செய்யும் லெவலோ கன்ட்ரோலரை முதல்முறை கையில் எடுக்கும் ஒருவருக்கும் பொருந்த வேண்டும். ரசிகருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விற்பனையும் இல்லை, யாரையும் இழுத்துப் பிடிக்கும் தேவையும் இல்லை.

## லெவல் பேசும் மொழி

1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேமின் முதல் லெவலை எடுத்துக்கொள்வோம். தொடங்கும்போது மரியோ இடது ஓரத்தில் நிற்கிறார், வலப்பக்கம் காலியாக இருக்கிறது. எந்தப் பக்கம் போவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சற்று நேரத்தில் கூம்பா என்ற குட்டி எதிரி ஒன்று எதிரே நடந்து வருகிறது. குதிக்காவிட்டால் சாவு. செத்தாலும் இழப்பு சில வினாடிகள்தான்.

அதே லெவலின் பிற்பகுதியில் இன்னும் நுணுக்கமான ஒரு வேலை இருக்கிறது. எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள் வரும், நடுவில் தரை இருக்கும். தவறி விழுந்தால் ஒன்றும் ஆகாது, ஏறி வந்து மறுபடி குதிக்கலாம். கொஞ்சம் தள்ளி அதே போன்ற படிக்கட்டு ஜோடி மறுபடி வரும். இந்த முறை நடுவில் குழி. ஒரே தாண்டல்தான், முதலில் ஆபத்தில்லாமல் பழக்கிவிட்டு அப்புறம் ஆபத்தோடு கேட்கிறார்கள்.

லெவல் வடிவமைப்பு என்பதன் கரு இதுதான். ஆடுபவருக்கு இந்த நொடியில் என்ன தெரியும், அடுத்து என்ன தெரிந்தாக வேண்டும், அதை எப்படித் தெரியப்படுத்துவது. முள், குழி, எதிரி எல்லாம் அதற்கான எழுத்துகள்.

## 2007: தெரியப்படுத்தாமல் இருப்பதே விளையாட்டு

இந்த மொழியைத் தலைகீழாக்கினால்? 2007 வாக்கில் இரண்டு பக்கமிருந்து அதற்கான பதில் வந்தது.

ஜப்பானில் ஒருவர் தன் நண்பனை ஆட வைத்து வேடிக்கை பார்ப்பதற்காக 'சூப்பர் மரியோ வேர்ல்டை' மாற்றி ஒரு ஹேக் செய்தார். 'கைசோ மரியோ' என்று உலகம் முழுக்கப் பரவியது அதுதான். அதில் பேர்போன தந்திரம் கண்ணுக்குத் தெரியாத பெட்டி. குழியைத் தாண்ட நீங்கள் இயல்பாக எங்கே குதிப்பீர்களோ, சரியாக அந்தப் பாதையில் தலைக்கு மேல் அது ஒளிந்திருக்கும். குதித்தால் தலை முட்டிக் குழிக்குள் விழ வேண்டியதுதான். இலக்குக் கம்பத்தைக் கடந்து வெற்றி இசை ஒலிக்கும்போதே மரியோவைக் கொல்லும் பொறியும் உண்டு. இன்று அந்த வகைப் பெட்டிக்கும் பொறிக்கும் கைசோ என்ற பெயரே ஒட்டிக்கொண்டது.

'ஐ வான்னா பி தி கை' அதே மனநிலை கொண்டது. மரத்தடியில் போனால் ஆப்பிள் தலையில் விழுகிறது. சரி, மேலே ஏறிப் போவோம் என்றால் ஆப்பிள் மேல்நோக்கி விழுகிறது.

இதை வெறும் கொடுமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத பெட்டியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டுமென்றால், ஆடுபவர் எந்த நொடியில் எங்கே குதிப்பார் என்று துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். படிக்கட்டு வைத்துக் கற்றுக்கொடுத்தவருக்கு இருந்த அதே அறிவு இவருக்கும் இருக்கிறது. அதை எதிர்ப்பக்கம் திருப்பியிருக்கிறார். ஆனால் இந்த வகை நகைச்சுவைக்கு ஆயுள் குறைவு. முதல்முறை பார்ப்பவர் சிரிப்பார். பத்தாவது பெட்டியில் ஆடுபவருக்கு மிஞ்சுவது மனப்பாடம் மட்டும்.

## திருப்பம் எங்கே வந்தது

பின்வந்த ஆண்டுகளில், இப்படிப்பட்ட ஹேக்குகளைச் செய்யும், ஆடும் கைசோ வட்டத்துக்குள்ளேயே ரசனை மாறியது. இன்று நன்றாகச் செய்யப்பட்ட கைசோ ஹேக் ஒன்றில் மறைந்த பெட்டி ஏறக்குறைய இருக்காது. இருந்தால் கிண்டலாக ஓரிடத்தில் இருக்கும். லெவல் முன்பைவிடச் சுலபமாகிவிடவில்லை, பல இடங்களில் கடினம் கூடியிருக்கிறது. சிரமம் இருக்கும் இடம்தான் மாறியது: 'என்ன செய்வதென்று தெரியவில்லை' என்ற நிலை போய், 'என்ன செய்வதென்று தெரிகிறது, கை வரவில்லை' என்ற நிலை வந்தது.

அந்த மாற்றத்தைச் சாத்தியமாக்கியவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல:

1. வழிகாட்டும் காசுகள். குதிக்க வேண்டிய வளைவில் காசுகளை அடுக்கி வைப்பது, பொருளை வீச வேண்டிய இடத்தில் அம்பு வைப்பது. திரை வேகமாக நகரும்போது இவை இல்லாமல் முடியாது.

2. உடனடி மறுதொடக்கம். மூல கேமில் செத்தால் இசை ஓடும், வரைபடத்துக்குத் திரும்பும், மறுபடி உள்ளே நுழைய வேண்டும். இப்போதைய ஹேக்குகளில் செத்த கணமே செக்பாயிண்டில், அதாவது செத்தால் மறுபடி தொடங்கும் இடத்தில், நிற்கலாம். உயிர்க் கணக்கையும் பலர் எடுத்துவிட்டார்கள்.

3. நேர்மையான உருவங்கள். தொட்டால் கொல்வது எது, மேலே நிற்கக்கூடியது எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அலங்காரத்துக்காக முன்னால் வரையப்பட்ட செடி ஒரு முள்ளை மறைத்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் பிழை.

முதல் அம்சம் ஏன் தேவை என்பதைக் கணக்கே சொல்லும். 'சூப்பர் மரியோ வேர்ல்டின்' திரை 256 பிக்சல் அகலம், அதாவது 16 கட்டங்கள். முழு வேகத்தில் மரியோ ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரைப்படம் ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரத்துக்கு, சுமார் 3 பிக்சல் நகர்கிறார். வினாடிக்கு 60 ஃபிரேம். அவர் திரையின் நடுவில் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டால், முன்னால் தெரிவது 128 பிக்சல். விளிம்பில் புதிதாகத் தோன்றும் ஒரு தடை 43 ஃபிரேமுக்குள், முக்கால் வினாடிக்கும் குறைவான நேரத்தில், அவர் மேல் வந்துவிடும். அதற்குள் பார்த்து, புரிந்து, முடிவெடுத்து, பட்டனை அழுத்த வேண்டும். காசு இருந்தால் 'புரிந்து' என்ற படி சுருங்கும்.

## கட்டமும் தாண்டலும்

வடிவமைப்பவர் முள்ளை வைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது, பாத்திரத்தின் உடல் எதைச் செய்யும் என்பதை. இங்கே 'செலஸ்ட்' நல்ல உதாரணம், ஏனென்றால் அதை உருவாக்கியவர்கள் பாத்திரத்தை இயக்கும் நிரலைப் பொதுவில் வைத்துவிட்டார்கள்.

அதன் நாயகி மேடலின் குதிக்கும்போது வினாடிக்கு 105 பிக்சல் வேகத்தில் மேலெழும்புகிறாள். பட்டனை அழுத்திப் பிடித்தால் முதல் 0.2 வினாடிக்கு அந்த வேகம் குறையாது; 21 பிக்சல் ஏறுகிறாள். அப்புறம் ஈர்ப்பு இழுக்கத் தொடங்கும், இன்னும் சுமார் 7 பிக்சல் ஏறி நிற்பாள். மொத்தம் 28. ஒரு கட்டம் 8 பிக்சல் என்பதால், மூன்று கட்ட உயரமுள்ள மேடையில் வெறும் தாண்டலால் ஏறலாம், நான்கு கட்டம் என்றால் சுவரைப் பிடிக்கவோ டேஷ் (காற்றிலேயே ஒரு பாய்ச்சல்) செய்யவோ வேண்டும். ஆக மூன்றுக்கும் நான்குக்கும் இடையே உள்ள அந்த ஒரு கட்டம் வெறும் அளவு வித்தியாசம் இல்லை. ஆடுபவரின் கையிருப்பிலிருந்து டேஷைச் செலவழிக்க வைக்கும் முடிவு அது. டேஷ் பொதுவாகத் தரையைத் தொடும்வரை திரும்பி வராது என்பதால், அடுத்த தடைக்கு என்ன மிஞ்சும் என்பதும் அங்கேயே தீர்மானமாகிறது.

இதே கேமில் ஆடுபவருக்குத் தெரியாமல் கொடுக்கப்படும் சலுகைகளும் உண்டு. விளிம்பைத் தாண்டி ஓடிய பிறகும் 0.1 வினாடி வரை குதிக்கலாம். தலை ஒரு மூலையில் 4 பிக்சலுக்குள் உரசினால் கேமே பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி மேலே விடும். மோட் செய்பவர் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்துச் சேர்க்கும்போது இந்தச் சலுகைகளை அதற்கும் பொருத்த மறந்தால், லெவல் காரணம் புரியாமல் 'கையில் ஒட்டாதது' போல இருக்கும்.

'ஐ வான்னா' பரம்பரை நேரெதிர். சலுகை என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் பிக்சல் கணக்கு. அங்கே நீடில் என்று ஒரு தனி வகையே வளர்ந்தது: எதிரி இல்லை, பொறி இல்லை, அசையாத முக்கோண முட்கள் மட்டும். கட்டம் 32 பிக்சல். வினாடிக்கு 50 ஃபிரேம். பாத்திரம் ஒரு ஃபிரேமுக்கு 3 பிக்சல் நகர்கிறது. இதில் ஒரு விசித்திரமான விளைவு இருக்கிறது. மூன்று மூன்றாக நகர்வதால், நீங்கள் நிற்கும் இடத்தின் எண்ணை மூன்றால் வகுத்தால் வரும் மீதி, நடப்பதால் மாறாது. 0, 1, 2 என்ற மூன்று வரிசைகளில் ஏதோ ஒன்றில் மாட்டியிருப்பீர்கள். சில முட்களுக்கு நடுவே ஒரு வரிசையில் இருந்தால் மட்டும் புகுந்து போகலாம், மற்ற இரண்டில் முடியாது. சுவரில் முட்டி வரிசையை மாற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இதற்கு அலைன் என்று பெயர். திரையில் எதுவும் அசையாத ஓர் அறைக்குள் இவ்வளவு நுட்பம் ஒளிந்திருப்பது அழகுதான், ஆனால் அதைப் புதியவருக்கு எந்த முள்ளும் சொல்லிக்கொடுக்காது. இந்த வகை சின்ன வட்டத்துக்குள்ளேயே நிற்பதற்கு அது ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

## நீளம் என்ற ஏமாற்று

புதிதாக லெவல் செய்பவர் அதிகம் சறுக்கும் இடம் தனித்தனித் தடைகள் அல்ல, செக்பாயிண்டுகளுக்கு இடையே உள்ள தூரம்.

ஒரு தடையை ஒருவர் பத்தில் ஏழு முறை தாண்டுவார் என்று கொள்வோம். தனியாகப் பார்த்தால் சுலபமான தடை. அப்படிப் பத்தைச் செக்பாயிண்ட் இல்லாமல் வரிசையாக வைத்தால்:

1. பத்தையும் ஒரே ஓட்டத்தில் தாண்டும் வாய்ப்பு 0.7-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது: கிட்டத்தட்ட 0.028. நூற்றுக்கு மூன்று கூட இல்லை. சராசரியாக 35 முயற்சி வேண்டும்.

2. நடுவில் ஒரே ஒரு செக்பாயிண்ட் வைத்தால், ஒவ்வொரு பாதிக்கும் வாய்ப்பு 0.168. ஒரு பாதிக்கு ஆறு முயற்சி, மொத்தம் பன்னிரண்டு. அதுவும் ஒவ்வொன்றும் பாதி நீளம்.

முட்கள் ஒன்றுகூட மாறவில்லை. தடைகள் சுயேச்சையானவை என்று கொண்ட எளிய கணக்குதான் இது. நிஜத்தில் ஆடுபவர் போகப் போகத் தேறுவார், கடைசித் தடையருகே கை நடுங்கவும் செய்யும். ஆனாலும் திசை இதுதான். கடினத்தைக் கூட்ட மிக மலிவான வழி செக்பாயிண்டை எடுத்துவிடுவது. அதனாலேயே அனுபவமுள்ளவர்கள் நீண்ட அறையைப் பார்த்தால், 'இந்த நீளத்துக்கு என்ன காரணம்' என்று கேட்பார்கள். தடைகள் ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்தால் காரணம் இருக்கிறது. ஒரே மாதிரி எட்டு ரம்பம் என்றால் இல்லை.

## செய்தவரால் முடிக்க முடியுமா?

எடிட்டரில் எதை வேண்டுமானாலும் வரையலாம், தாண்டவே முடியாததையும். அதனால், ஆடுபவர்களே மரியோ லெவல்கள் கட்டிப் பகிர்வதற்காக 2015-இல் நின்டென்டோ வெளியிட்ட 'சூப்பர் மரியோ மேக்கர்' ஒரு விதி வைத்தது: லெவலைப் பதிவேற்றும் முன் செய்தவரே அதை ஆடி முடித்துக் காட்ட வேண்டும். அது முடிக்கக்கூடியது என்பதற்கு அதுவே சான்று.

அந்த விதியின் ஓட்டை 2024-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த கேம் ஓடும் நின்டென்டோவின் வீ யூ கருவியின் இணையச் சேவை ஏப்ரல் 8-ஆம் தேதி மூடப்படும் என்று அறிவித்திருந்தார்கள். யாரும் முடிக்காத லெவல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று 'டீம் ஜீரோ பெர்சென்ட்' என்ற ரசிகர் குழு முயன்றுகொண்டிருந்தது. கடைசியில் மிஞ்சியது 2017-இல் பதிவேறிய 'டிரிம்மிங் தி ஹெர்ப்ஸ்'. இருபது வினாடிகூட ஓடாத குட்டி லெவல். மார்ச்சில் அதைச் செய்தவரே முன்வந்து, தான் அதைக் கையால் முடிக்கவில்லை, பட்டன் அழுத்தங்களை முன்கூட்டியே எழுதி இயந்திரத்தைக் கொண்டு அழுத்த வைத்ததாக ஒப்புக்கொண்டார். இப்படி ஃபிரேம் ஃபிரேமாகத் திட்டமிட்டு ஆட வைப்பதை டாஸ் என்பார்கள்.

சான்று பொய், ஆகவே குழு அந்த லெவலைக் கணக்கிலிருந்து நீக்கி, தங்கள் வேலை முடிந்ததாக அறிவித்தது. சேவை மூடப்படுவதற்குள் ஒருவர் அதையும் கையாலேயே முடித்துவிட்டார் என்பது வேறு.

இதை வடிவமைப்பின் கோணத்தில் பார்த்தால், முடிக்க முடியும் என்பதும் நன்றாக இருக்கிறது என்பதும் வேறு வேறு என்று தெரியும். செய்தவர் ஒருமுறை முடித்துவிட்டால் விதிக்குப் போதும். ஆனால் அவர்தான் அந்த லெவலை உலகத்திலேயே அதிகம் ஆடியவர். கட்டும்போதே ஒவ்வொரு தாண்டலையும் நூறு முறை சோதித்திருப்பார். அவர் கைக்குச் சுலபமாகப் படுவது மற்றவருக்குச் சுவர்.

## சொல்லிக்கொடுக்கும் இடத்தைத் தனியாகக் கட்டுவது

செலஸ்ட் ரசிகர்கள் பலர் கூடிச் செய்து 2023-இல் வெளியிட்ட 'ஸ்ட்ராபெர்ரி ஜாம்' என்ற மோட், நூற்றுக்கும் மேற்பட்ட லெவல்களைக் கொண்டது. அளவைவிட அதன் அடுக்குமுறைதான் கவனிக்க வேண்டியது. தொடக்கநிலையிலிருந்து கிராண்ட்மாஸ்டர் வரை ஐந்து கூடங்கள். ஒவ்வொரு கூடத்துக்கும் ஜிம் என்ற பயிற்சி அறை. அந்தக் கூடத்து லெவல்கள் கேட்கப்போகும் உத்திகளை, ஒவ்வொன்றாக, ஆபத்தில்லாத இடத்தில் அங்கே பழகலாம். பிறகு கூடத்தின் லெவல்களை முடித்தால் கடைசியில் திறக்கும் ஒரு நீண்ட லெவல், அதுவரை பார்த்த எண்ணங்களையெல்லாம் திரட்டிப் பரீட்சை வைக்கும்.

1985-இன் இரட்டைப் படிக்கட்டு இங்கே கட்டடமாக வளர்ந்திருக்கிறது. நூறு பேர் நூறு விதமாகச் செய்யும்போது ஒவ்வொரு லெவலும் முதலிலிருந்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. அதைப் பொதுவான ஓரிடத்துக்கு மாற்றியதால், தனி லெவல்கள் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகின்றன. எனக்கு ஒரு குறை மட்டும் உண்டு: எந்தக் கூடத்தில் எந்த லெவல் என்பதைத் தீர்மானிப்பவர்கள் மிகத் தேர்ந்தவர்கள், அதனால் மூல கேமை மட்டும் முடித்துவிட்டு வருபவருக்கு இரண்டாவது கூடமே மூச்சு வாங்கவைக்கும்.

## வெளியிடுவதற்கு முன்

நல்ல லெவலையும் அரைகுறை லெவலையும் பிரிப்பது பெரும்பாலும் கடைசிக் கட்டச் சோதனைதான். லெவலை முன்பின் பார்க்காத ஒருவரை ஆட வைத்து, செய்தவர் வாய் திறக்காமல் பார்க்க வேண்டும். 'அங்கே இல்லை, இடப்பக்கம்' என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு இடமும் திருத்த வேண்டிய இடம். பார்க்க வேண்டியவை மூன்று:

1. சாஃப்ட்லாக்: சாகவும் முடியாமல், முன்னேறவும் முடியாமல் மாட்டிக்கொள்ளும் இடம். ஒரு சாவியை வீசிவிட்டு ஆள் மட்டும் கதவருகே போய்விட்டால்? சரிசெய்ய அங்கே ஒரு குழி வெட்டினால் போதும்; விழுந்து செத்து மறுபடி தொடங்கலாம்.

2. குறுக்கு வழி: செய்தவர் நினைக்காத வகையில் தடையைத் தவிர்த்துப் போவது. இதில் எல்லாவற்றையும் அடைக்க வேண்டியதில்லை. உத்தேசித்த வழியைவிடக் கடினமான குறுக்கு வழியை விட்டுவைக்கலாம், வேகப்போட்டி ஆடுபவர்கள் அதைத் தேடித்தான் வருவார்கள். சுலபமானதை அடைத்தே ஆக வேண்டும்.

3. சாவின் காரணம்: செத்தவரிடம் 'ஏன் செத்தீர்கள்' என்று கேட்டால் பதில் வர வேண்டும். 'சீக்கிரம் குதித்துவிட்டேன்' என்றால் லெவல் சரி. 'தெரியலையே' என்றால் மறுபடி எடிட்டரைத் திறக்க வேண்டியதுதான்.